பழைய பாட்டில் தாளம் தப்புகிறதா?



"ஐயா, பழைய பாட்டெல்லாம் தாளம் தப்புது, கேமுக்குச் சரிப்படாது." விடுமுறைக்கு வந்த பேரன் சொன்னது இது. பாட்டின் அடிக்கு ஏற்பத் தட்டி விளையாடும் 'ஓசு' போன்ற விளையாட்டுகளில் தாங்களே லெவல் செய்யும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

லெவல் செய்ய முதலில் இரண்டு எண்கள் வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது பி.பி.எம். முதல் அடி எந்த மில்லிசெகண்டில் விழுகிறது என்பது ஆஃப்செட். நம் சங்கீதத்தில் முதலாவதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர். இரண்டாவதற்கு எடுப்பு தெரிந்திருந்தால் போதும். பாட்டின் முதல் சத்தமே முதல் அடி ஆகிவிடாது. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்தால் அனாகத எடுப்பு, பாட்டு முந்திக்கொண்டால் அதீத எடுப்பு.

கணக்கைப் பாருங்கள். 120 பி.பி.எம். பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட். அதை 121 என்று போட்டால் அடிக்கு 4 மில்லிசெகண்ட் குறையும். ஓசுவின் மிகக் கடினமான நிலையில் முன்பின் 20 மில்லிசெகண்டுக்குள் தொட்டால்தான் முழுப் புள்ளி. ஐந்து அடி தாண்டியதுமே அது போய்விடும். நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் 4 அடி, அதாவது ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம் பிசகியிருக்கும்.

இப்போதைய பாட்டுகள் பலவும் கணினியின் கிளிக் சத்தத்தை வைத்துப் பதிவாகின்றன. ஒரே பி.பி.எம். கடைசி வரை நிற்கும். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து பதிவு செய்தார்கள். நம் காரைக்குடிப் பக்கம் ஏ.வி.எம். ஸ்டூடியோ இருந்தபோது எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களைக் கேளுங்கள். மனிதர் வாசித்து மனிதர் பாடும்போது வேகம் இம்மியளவு ஏறும், இறங்கும். அதைத் தாளம் தப்பியது என்று எந்த வித்வானும் சொல்ல மாட்டார்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வது: மென்பொருள் தானாகக் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முதலில் கையால் தாளம் போட்டுப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு மெட்ரோனோமை ஓடவிட்டு, பாதி வேகத்தில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சரிபாருங்கள். பிசகு எங்கும் ஒரே அளவாக இருந்தால் ஆஃப்செட் தவறு. போகப் போகக் கூடினால் பி.பி.எம். தவறு. கூடியும் குறைந்தும் வந்தால் பாட்டின் இயல்பே அதுதான். வேகம் மாறும் இடங்களில் எல்லாம் புதிய டைமிங் புள்ளி வையுங்கள். இந்த வேலைக்கு ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், சத்தம் தாமதமாக வரும். வேலை தொடங்கியபின் பாட்டுக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றவும் வேண்டாம், தொடக்கம் சில மில்லிசெகண்ட் நகர்ந்துவிடலாம்.

ஒரு பழைய பாட்டுக்கு முப்பது நாற்பது புள்ளிகள் தேவைப்படலாம். சிரமம்தான். அதற்குப் பயந்து அந்தப் பாட்டுகளை ஒதுக்கினால், இயந்திரத்தின் சீர் ஒன்றே தாளம் என்று பிள்ளைகளின் காது பழகிப்போகும். அதுதான் என் கவலை.

வீட்டில் தாளம் போடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்த விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காருங்கள். கணினியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தாளத்தை நீங்கள் போடுங்கள்.