பழைய காருக்குப் புதுச் சக்கரம்

மும்பையில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும்போது எம்.ஜி.பி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தால், கூட்டத்தின் கண் முதலில் அதன் ஸ்போக்ஸ் சக்கரத்தின் மீதுதான் விழுகிறது. உரிமையாளரும் சக்கரம் மாற்றும்போது பளபளப்பையே பார்க்கிறார். இது சரியல்ல.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான அந்தக் காருக்கு நான்கு நட்டுகளில் மாட்டும் இரும்புச் சக்கரமும் உண்டு, 14 அங்குல ஸ்போக்ஸ் சக்கரமும் உண்டு. ஒன்றின் ஹப்பில் மற்றது பொருந்தாது. ஸ்போக்ஸ் சக்கரத்தைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் ஹப்பைச் சுற்றியுள்ள பற்களே. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டினால் அதன் பற்களும் விரைவில் அழியும். பற்கள் முழுதும் போனபின் பிரேக் போட்டால் ஹப் நிற்கும், சக்கரம் நிற்காது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கட்டும். 'டக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவேண்டும். தேய்ந்த பல்லின் நுனி கத்திபோல் கூராக இருக்கும்.

சக்கரத்துக்குத் தாராளமாகப் பணம் தருபவர், வெளியே தெரியாத ஹப்புக்குத் தரத் தயங்குகிறார். விபத்து நேர்ந்தால் பழி மெக்கானிக் தலையில் விழுகிறது. ஆகவே ஒர்க்‌ஷாப்புகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தேய்மானத்தை உரிமையாளருக்குக் காட்டி, பில்லிலும் எழுதிவிடவேண்டும். அதன் பிறகும் அவர் ஹப்பை மாற்றச் சம்மதிக்காவிட்டால், சக்கரத்தை மாட்ட மறுப்பதே முறை. போவது ஒரு நாள் கூலியோடு போகட்டும்.