போஸ்டரின் கடைசி வரி

கோயில் திருவிழா நோட்டீஸைக் கையில் வாங்கும் காவிரி டெல்டா ரசிகர் நாகஸ்வர வித்வானின் பெயரோடு நின்றுவிட மாட்டார். 'சிறப்புத் தவில்' யார், எந்த இரவு, சுவாமி புறப்பாடு எத்தனை மணிக்கு என்று தேடுவார். புறப்பாட்டு மல்லாரி முடிந்த பிறகு ராகத்தை விரித்து வாசிக்க நேரம் கிடைக்குமா என்பதும் அவருக்கு முக்கியம். மாசி மகத்தில் சுவாமி கடலாடும் காரைக்கால் பகுதித் திருவேட்டக்குடியிலும் அப்படிப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உண்டு.

இதே ஊரில்தான் புதுச்சேரி என்.ஐ.டி. வளாகமும் இருக்கிறது. அங்கே படிக்கும் வயதுக்காரர்களிடையே டிசம்பர் நெருங்கினால் வேறொரு பட்டியல் பற்றிப் பேச்சு கிளம்பும்: சன்பர்ன் மின்னணு நடன இசை விழாவின் லைன்-அப். 'இந்த வருஷம் மொக்கை' என்பார் ஒருவர், 'செம மாஸ்' என்பார் இன்னொருவர். இருவரும் எண்ணுவது போஸ்டரின் உச்சியில் உள்ள நாலைந்து பெயர்களைத்தான். என் வருத்தமே அதுதான்.

2007-ல் கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் சன்பர்ன் தொடங்கியபோது டிஜே கார்ல் காக்ஸ் வந்தார். பல மணி நேரம் தனியாளாக வாசித்துக் கூட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றிச் செல்பவர் அவர். பின்னாளில் மார்ட்டின் கேரிக்ஸ் போன்றவர்கள் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கேரிக்ஸ் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்களை முன்னிறுத்தும் 'டிஜே மேக்' இதழின் முதல் நூறு டிஜேக்கள் பட்டியல் வாசகர் வாக்கில் உருவாவது. வாக்குக் கேட்டுக் கலைஞர்களே பிரசாரம் செய்கிறார்கள். அதைப் பார்த்து ஆள் பிடித்தால் எல்லா நாட்டு விழாக்களும் ஒரே விழாவாகிவிடும்.

பெயர்களைவிட நேரப் பங்கீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரிய மேடையில் நட்சத்திரத்துக்கே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் எல்லா ஹிட்டையும் கொட்டியாக வேண்டும். பிற்பகல் வெயிலில், கூட்டம் சேருமுன், அரை மணி நேரத்துக்கு ஏற்றி இறக்கப்படும் உள்ளூர்க் கலைஞரால் ஒரு சூழலையே உருவாக்க முடியாது. போஸ்டரின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருப்பதும் அவர் பெயர்தான்.

அந்தப் பொடி எழுத்தைப் படிக்காததால் நாம் இழந்ததற்குச் சாட்சி சரண்ஜித் சிங். மும்பை சினிமா இசைக்குழுக்களில் கிடார் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் 808, 303 மின்னணு இசைக்கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு! இங்கே யாரும் சீந்தவில்லை. 2010-ல் வெளிநாட்டில் மறுவெளியீடு கண்ட பிறகுதான் அந்த முதியவருக்கு ஐரோப்பிய மேடைகள் திறந்தன. 2015-ல் காலமானார்.

ராஜஸ்தானின் அல்சிசர் அரண்மனையில் 2013-ல் தொடங்கிய மேக்னெடிக் ஃபீல்ட்ஸ் விழா, பெயர் தெரியாத இந்தியக் கலைஞர்களுக்கும் இடம் கொடுத்துத் தனக்கென ரசிகர்களைச் சேர்த்தது. அதனால் உள்ளூர்க் கலைஞரை முன்னிறுத்துவது நடக்காத காரியமல்ல. பொங்கலையொட்டி நடக்கும் காரைக்கால் கார்னிவலில் ஒரு மாலையை, இரண்டு மணி நேரம் முழுதாக, மடிக்கணினியில் இசை செய்யும் இந்தப் பகுதி இளைஞர் ஒருவருக்கும் டெல்டாவின் தவில் வித்வான் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். இருவர் பெயரும் நோட்டீஸின் உச்சியில் இருக்கட்டும்.