குளிசைக்குத் தமிழ் தெரியாதா?

சண்டிலிப்பாயில் ஒரு பெட்டைக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கினால் ஊரே வைத்தியர்தான். "தண்ணி மாறினதாலை." "ஷாம்பூவை விடு பிள்ளை." "நீ கனக்க யோசிக்கிறாய்." கடைசியாக ஒரு மாமி வந்து குரலைத் தாழ்த்தி, "கலியாணத்துக்கு முதல் ஏதாவது செய்யுங்கோ" என்பா.

எனக்கு இருபத்தொரு வயதில் வகிடு அகலத் தொடங்கியது. மாதவிடாயும் ஒழுங்கில்லை. இரண்டும் ஒரே ஓமோன் கதையாக இருக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பிறகு ஒரு கிளினிக்கில் துண்டு எழுதித் தந்தார்கள்: ஸ்பைரோனோலாக்டோன். மருந்துக் கவரில் "காலை 1" என்று பேனையால் எழுதியிருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இன்ரநெற்றில் பார்த்த அப்பா, "இது பிறஷர் குளிசையெல்லே, மாறித் தந்திட்டாங்கள்!" என்று சத்தம் போட்டார்.

மாறித் தரவில்லை. 1950களின் கடைசியில் உடம்பிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றவென்று வந்த மருந்துதான் அது. ஆனால் அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அன்ட்ரொஜன் என்ற ஓமோன்கள் பெண்களின் உடம்பிலும் சுரக்கும். சிலருடைய உச்சந்தலை மயிர்க்கால்கள் அதற்குச் சுருங்கிவிடும். அன்ட்ரொஜன் போய் இருக்கவேண்டிய கதிரையில் இந்த மருந்து முந்திப் போய் இருந்துகொள்ளும். அதனால்தான் தோல் வைத்தியர்கள் இதை முடி உதிர்வுக்கு எழுதுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கூட இதை முடிக்கென்று அனுமதித்ததில்லை. வைத்தியரின் அனுபவத்தில் எழுதப்படுகிற மருந்து. ஆகவே பெட்டிக்குள் இருக்கிற ஆங்கிலத் தாளைத் தலைகீழாக வாசித்தாலும் எங்கள் கதை அதில் இராது. வைத்தியர் வாய் திறந்தால்தான் உண்டு.

அவர் ஏன் திறப்பதில்லை? நேரமில்லை என்பார்கள். கிளினிக் வரிசை நீளம், உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொரு காரணம் வெட்கம். இந்தக் குளிசையைக் கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பாலுறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. "கலியாணம் கட்டாத பெட்டையிட்டை உதைக் கேக்கிறதோ" என்று மரியாதைக்கு விட்டுவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: "கலியாணத்துக்கு முதல்" என்று தொடங்கிய குளிசை, கலியாணம் முடிந்தபிறகுதான் உண்மையில் ஆபத்தாகிறது. அந்த நேரத்தில் கவரில் இருப்பது "காலை 1" மட்டும். இது மரியாதை இல்லை, அலட்சியம்.

தமிழில் இதையெல்லாம் சொல்ல ஏலாது என்று மட்டும் சொல்லாதையுங்கோ. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், எங்கள் பக்கத்து ஊரான மானிப்பாயில் இருந்து மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார். கடல் கடந்து வந்தவர் பிரசவத்தையே தமிழில் எழுதினார். இஞ்சை பிறந்து வளர்ந்த ஆளுக்கு நாலு வசனம் சொல்ல ஏலாதோ?

அந்த நாலு வசனமும் இதுதான். பலன் தெரிய ஆறு மாதமாவது செல்லும். நிற்பாட்டினால் திரும்பவும் கொட்டலாம். பிள்ளை பெறும் யோசனை வந்தால் முதலே வந்து சொல்லுங்கோ, மருந்தை நிற்பாட்டவேணும். தலைசுற்று வரலாம், மாதவிடாய் குழம்பலாம். சிறுநீரகத்தில் வருத்தம் இருந்தால் பொட்டாசியம் ஏறும், இரத்தம் சோதிக்கவேணும். தம்பிக்கும் கொட்டுது என்று அவனுக்குக் குடுக்காதையுங்கோ, மார்பு வீங்கும்.

சொல்ல ஒரு நிமிசம் போதும். அடுத்த முறை துண்டைக் கையில் தந்தால் உடனே எழும்பாதையுங்கோ. "இது என்ன மருந்து, எவ்வளவு காலம், எப்ப நிற்பாட்டவேணும்?" என்று கேளுங்கோ. வைத்தியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குளிசையை விழுங்கப்போறது நாங்கள்.