காரைக் காப்பவர் யார்?



கார் என்பது செல்வர் வீட்டு முற்றத்தில் மட்டும் நின்ற காலம் ஒன்று இருந்தது. ஓட்டுவதற்கு ஓர் ஓட்டுநர், துடைப்பதற்கு ஒரு சிறுவன், பழுது பார்ப்பதற்கு ஒரு பட்டறை என்று எல்லாவற்றிற்கும் ஆள் இருந்த காலம் அது. இன்றோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குச் செல்வோர் குடியிருக்கும் தெருக்களிலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கைமாறி வந்த கார்கள் வாசலில் நிற்கக் காண்கிறோம். தவணைப் பணம் கட்டி, வயிற்றைக் கட்டி வாங்கியவை அவை. நோயுற்ற தாயை இரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், செப்டம்பரில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குச் சென்று வரவும் அவை உதவுகின்றன. மகிழத்தக்க மாற்றம்தான்.

ஆனால் காரோடு ஒரு வழக்கும் வீட்டிற்குள் நுழைந்துவிட்டது. அதன் அன்றாடப் பராமரிப்பை நாமே செய்து கொள்வதா, மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துச் செய்விப்பதா என்பதே அவ்வழக்கு. “நாள் முழுவதும் ஆலையில் எந்திரங்களோடுதானே பழகுகிறேன், இதற்குப் போய்க் கூலி எதற்கு?” என்பார் கணவர். “பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் உங்கள் சோதனை எதற்கு?” என்பார் மனைவி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின், இவ்வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

மோட்டார்த் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. அதுவே 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. ஆகவே, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்குள்ள குடும்பங்களில் என்றுமே பஞ்சமில்லை.

எனினும், அக்கைகள் பழகிய கார் வேறு. இன்றைய கார் வேறு. அம்பாஸிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாளில், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதும், ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டுவதும், காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளியைச் சரி செய்வதும் உரிமையாளரே விடுமுறை நாளில் செய்துகொண்ட வேலைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை பரவியது; கார்புரேட்டர் மறைந்தது. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடெங்கும் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. என்ஜினின் ஒவ்வோர் அசைவையும் சென்சார்கள் அளக்கின்றன; ஒரு சிறு கம்ப்யூட்டர் ஆளுகின்றது. கோளாறு எதுவெனக் கண்டறிய அதற்குரிய ஸ்கேனர் கருவி தேவைப்படுகின்றது. வீட்டில் செய்யத்தக்க வேலை சுருங்கியதே தவிர, அற்றுப் போகவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். காரைப் பேணுவதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, கண்காணித்தல், மற்றொன்று, பழுது நீக்கல். இரண்டாவதைக் கூலி கொடுத்துப் பெறலாம். முதலாவதை எவரிடமும் விலைக்கு வாங்க இயலாது. ஏனெனில், மெக்கானிக் உமது காரை ஆண்டில் ஓரிரு முறையே காண்கிறார். நீரோ நாள்தோறும் காண்கிறீர்.

கண்காணித்தல் கடினமான கலையன்று. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் மிகுதியான அழுத்தத்தைக் காட்டி நம்மை ஏமாற்றும். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. ரப்பர் தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது, டயரை மாற்ற வேண்டும் என்பது பொருள். ஸ்டெப்னியையும் மறத்தலாகாது.

சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் அளவுக்கோலை உருவித் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே ஆயில் நிற்க வேண்டும். குறைவும் கேடு, மிகையும் கேடு. கூலன்ட் அளவை அதன் தொட்டியின் வெளிப்புறத்திலிருந்தே காணலாம். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்போர் முகத்தில் கொதிநீர் பாயும். பாட்டரி முனைகளில் வெண்பொடி பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பூட்டும்போது அதனை இறுதியில் பூட்ட வேண்டும். உருக்காலைத் தூசியும் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிறைந்த நம் பகுதியில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். புத்தகத்தில் குறித்த கெடுவுக்கு முன்னரே அதனைத் திறந்து பார்த்தல் நலம்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால், அதனை ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதி அடைவோர் உண்டு. அது தவறு. அக்குறைவு ஒரு செய்தி: பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. செய்தியைப் படிப்பது நம் கடமை. அதற்குரிய மருத்துவம் செய்வது தேர்ந்தவர் கடமை. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், டைமிங் பெல்ட், ஏ.சி. வாயு ஆகியவற்றில் கற்றுக்குட்டி கை வைத்தல் ஆகாது. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. உயிர் குடிக்கும் மின் அழுத்தம் அவற்றில் ஓடுகின்றது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பவரும் தம் உயிரைப் பணயம் வைப்பவரே. சில நூறு ரூபாய்க் கூலிக்கு ஈடாகக் குடும்பத்தின் தூணையே வைக்கலாமா?

ஆயில் மாற்றுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, பழகியவர் செய்யலாம். ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் யார் மாற்றினும் அதே விலைதான். மிஞ்சுவது கூலி மட்டுமே. அடியிலுள்ள வடிகால் போல்ட்டின் மரை கெட்டுவிட்டால் அக்கூலியைப் போல் பன்மடங்கு செலவாகும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவோமாயின் அது நம் கணக்கோடு நில்லாது. பூண்டி, சோழவரம், புழல், 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்க் கண்டிகை ஆகிய நீர்த்தேக்கங்கள் நம் மாவட்டத்தில் உள்ளன. சென்னை மக்கள் குடிக்கும் நீர் அவற்றில் நிற்கின்றது. கழிவு எண்ணெயை அபாயக் கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. மறுசுழற்சிக்கு எடுப்போரிடம் அது சேர வேண்டும். நாமே வடித்தாலும் பட்டறையில் வடித்தாலும், “இது எங்கே போகிறது?” என்று கேட்பது நம் பொறுப்பு.

இனி மெக்கானிக்கைப் பற்றி ஒரு சொல். சாலையோரப் பட்டறைக்காரர் இன்று நெருக்கடியில் இருக்கிறார். புதிய கார்களுக்குரிய உதிரிப் பாகங்களும், ஸ்கேனர்களும், தொழில்நுட்பக் கையேடுகளும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இந்த அநீதி நாட்டின் கவனத்திற்கும் வந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்கள் மீது ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியாரிடம் பழுது பார்த்த ஒரே காரணத்திற்காக உத்தரவாதம் முழுவதையும் நீக்கலாகாது என்றும் அது பணித்தது. நிறுவனங்கள் மேன்முறையீட்டிற்குச் சென்றன. 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கெனக் குழு ஒன்றை அமைத்தது. அதன் ஆய்வில் மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றன. வழக்குகள் எவ்வாறாயினும், உத்தரவாதக் காலம் முடியும்வரை அதன் நிபந்தனைகளைப் படித்து, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துதல் அறிவுடைமை.

உத்தரவாதம் முடிந்த பின்னர், வீட்டிற்கு அருகில் நேர்மையான ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேலைக்கு முன்பே மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கு வருந்தமாட்டார். பதினான்கு வயது நிறையாத சிறுவர் அங்கே வேலை செய்யக் கண்டால், கூலி மலிவு என்று மகிழாதீர்கள். அது சட்டத்திற்கும் மனச்சான்றுக்கும் புறம்பானது. வேலை முடிந்ததும் உரிய கூலியைப் பேரம் பேசாமல், காத்திருக்க வைக்காமல் கொடுத்துவிடுங்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அதன் பிறகு எண்ணெய்க் கறையில் கழிந்த ஆண்டுகள் எத்தனையோ! ஆலையில் நம் கூலியைக் குறைத்தால் கொதிக்கின்ற நாம், பட்டறையில் பிறர் கூலியைக் குறைப்பது முறையாகுமா?

ஆக, கணவரும் சரி; மனைவியும் சரி. பார்ப்பது வீட்டாரின் வேலை. பழுது நீக்குவது தொழிலாளியின் வேலை. வாரத்தில் கால் மணி நேரம் போதும். மகனை மட்டுமன்று, மகளையும் அழைத்துக் காற்றழுத்தத்தை அளக்கவும் ஆயில் கோலைப் படிக்கவும் கற்றுக் கொடுங்கள். நெடும்பயணத்தில் நள்ளிரவில் கார் நின்றால், அவ்வறிவு அவர்களுக்குத் துணை நிற்கும்.