க்ளீன் எனர்ஜி விழாக்கள்ல காணாமப் போற விறகு அடுப்பு

1/ இப்பல்லாம் பல்கலைக்கழகங்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவையாவது "தூய ஆற்றல்", "நிலைத்த வளர்ச்சி"ன்னு பேனர் கட்டி பொதுமக்களுக்கான நிகழ்ச்சி நடத்துறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா நான் போன எதுலயும் ஒரு பொருளைப் பத்தி யாரும் பேசிப் பாத்ததில்ல. விறகு அடுப்பு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

2/ போனவங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. வெளிய ஸ்டால்ல சோலார் பேனல், மாணவர்கள் செஞ்ச எலக்ட்ரிக் வண்டி, பசுமை ஹைட்ரஜன் போஸ்டர். பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ். பொதுமக்கள் வரிசைல உக்காந்திருக்கறது பக்கத்து காலேஜ் பசங்க, அட்டெண்டன்ஸுக்காக.

3/ சோலாரையும் பேட்டரியையும் நான் குறை சொல்லல. நிலக்கரி குறையணும்னா அதெல்லாம் வேணும். ஆனா கிராமத்து வீட்டுல எரிசக்தின்னா மொதல்ல அடுப்புதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல சுத்தமான எரிபொருள்ல சமைக்கற வீடுகள் சுமார் 59%. மீதி வீடுகள்ல பெரும்பாலும் விறகு, சுள்ளி, வறட்டி.

4/ இந்தப் புகைக்கு உலக சுகாதார நிறுவனம் போடுற கணக்கு: 2020-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் மரணங்கள். பக்கவாதம், மாரடைப்பு, சிஓபிடி, நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்கு நிமோனியா, எல்லாம் சேர்த்து.

5/ அரசு ஆஸ்பத்திரி ஓபில இது தினசரி விஷயம். 55, 60 வயசு அம்மா, மூச்சிரைப்பு, வருஷக்கணக்கா இருமல். பீடி, சிகரெட் கிட்டயே போகாதவங்க. "எதுல சமைக்கறீங்கம்மா?" "கேஸ் இருக்கு டாக்டர்." இதோட நிறுத்திட்டா பாதிதான் தெரியும். வெந்நீர் எதுல? மாட்டுக்கு எதுல காய்ச்சுறீங்க? சிலிண்டர் தீந்துட்டா? அப்பதான் விறகு அடுப்பு வெளிய வரும்.

6/ தமிழ்நாட்டுல 2006-ல அமைஞ்ச திமுக ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்துச்சு. 2016-ல மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. இணைப்பு நிறைய வீட்டுக்குப் போயிடுச்சு. அடுத்த சிலிண்டருக்குக் காசு வேணுமே. அதனால ரெண்டு அடுப்பும் ஒரே வீட்டுல ஓடுது.

7/ இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஹேபின்னு ஒரு பெரிய ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, 4 நாடுகள்ல 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவுல நடந்தது நம்ம விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள்ல. நடத்தினது போரூர் ஸ்ரீராமச்சந்திராவுல டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு.

8/ பாதி பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் சுமார் 18 மாசத்துக்கு முழுக்க இலவசம். மீதி பேர் வழக்கம்போல விறகு. சிலிண்டர் தீந்துடுச்சேன்னு விறகுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குக் கொடுத்தாங்க. கர்ப்பிணிகள் சுவாசிக்கற பிஎம் 2.5 நுண்துகளையும் அளந்தாங்க.

9/ விறகு குழுவுல அது ஒரு கன மீட்டருக்கு சுமார் 71 மைக்ரோகிராம். கேஸ் குழுவுல சுமார் 24. மூணுல ஒரு பங்கு! ஆனா குழந்தைகளோட பிறப்பு எடை? சராசரி வித்தியாசம் 20 கிராம் அளவுதான், புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்ல. 2022-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு.

10/ 2024-ல அடுத்த முடிவுகளும் வந்துச்சு. ஒரு வயசுக்குள்ள வர்ற கடுமையான நிமோனியா குறையல. வயசுக்கேத்த உயரமில்லாத குழந்தைகளோட எண்ணிக்கையும் குறையல. எதிர்பார்த்தது நடக்கலன்னு மறைக்காம எழுதினாங்க. அதுக்கு அந்தக் குழுவுக்கு ஒரு சல்யூட்.

11/ "அப்ப கேஸ் வேஸ்டா டாக்டர்?" இல்ல. இவங்களுக்குக் கேஸ் கிடைச்சதே கர்ப்பத்தோட 9-20 வாரத்துல. அதுக்கு முன்னாடி வாழ்க்கை முழுக்க குடிச்ச புகை? குறைஞ்ச அந்த 24 கூட 24 மணி நேர சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற 15-ஐ விட அதிகம். நம்ம அடுப்பை அணைச்சாலும் தெருவுல புகை இருக்கே.

12/ அந்த 55 வயசு அம்மாவோட நுரையீரல் 18 மாசத்துல கெட்டதில்ல, 40 வருஷத்துல கெட்டது. 18 மாச ஆய்வு அதுக்குப் பதில் சொல்லாது. கண் எரிச்சல், சுள்ளி பொறுக்கப் போற நேரம், இதெல்லாம் பிறப்பு எடைக் கணக்குல வராது. கேஸ் வேணும்ங்கறதுதான் இப்பவும் என் கருத்து. ஆனா "கேஸ் வந்தா எல்லாம் சரியாயிடும்"னு இனிமே யாரும் மேடைல பேச முடியாது.

13/ இதைத்தான் பொது நிகழ்ச்சியில பேசணும்னு சொல்றேன். நம்ம ஊர்ப் பெண்கள் மேல அளவுக் கருவியை மாட்டி, நம்ம ஊர்க் குழந்தைகளை எடை போட்டு வந்த அறிவு இது. தமிழ்நாட்டுல எந்தத் தூய ஆற்றல் விழாவா இருந்தாலும் இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நான் பார்த்தவரைக்கும் ஒதுக்கறதில்ல.

14/ "தோத்த முடிவைச் சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்க, கேஸை விட்டுடுவாங்க"ன்னு ஒரு பயம் இருக்கு. எனக்கு இது ஒப்புதல் இல்ல. விறகுக்குத் திரும்பறவங்க ஜர்னல் படிச்சுட்டுத் திரும்பறதில்ல, சிலிண்டர் விலையைப் பாத்துத் திரும்பறாங்க. நாம சொல்லலன்னா வாட்ஸப் சொல்லும். தடுப்பூசி விஷயத்துல பாத்தோமே.

15/ ஜனங்களுக்கு அறிவியல் புரியாதுன்னு சொல்றவங்க 1991 புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தை நினைச்சுப் பாருங்க. எழுத்தும் சைக்கிளும் ஊர் ஊராப் போய் பெண்கள் கைல சேர்ந்துச்சு. யாரும் அவங்களை ஆடிட்டோரியத்துக்கு வரச் சொல்லி காத்துட்டு இருக்கல.

16/ நிகழ்ச்சி நடத்துற பேராசிரியர்களுக்கு என் கோரிக்கை:
அ) ஆய்வு நடந்த ஊர்லயே, தமிழ்ல, முடிவைச் சொல்லுங்க. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைல ஒரு அரை மணி நேரம் கேட்டு வாங்கலாம்.
ஆ) எதிர்பார்த்தது நடக்காத ஆய்வுகளுக்குன்னு ஒரு அமர்வு வைங்க.

17/ இ) மேடைல கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி பணியாளருக்கும் நாற்காலி போடுங்க. எந்த வீட்டுல எந்த அடுப்பு எரியுதுன்னு என்னை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.
ஈ) ஸ்டால்ல எலக்ட்ரிக் வண்டி பக்கத்துல ஒரு பிஎம் 2.5 மீட்டரும் ஒரு மண் அடுப்பும் வைங்க. பத்து நிமிஷம் எரிச்சுக் காட்டினா போஸ்டரே வேணாம்.

18/ பொன்னாடையைக் குறைச்சா கேள்வி நேரத்துக்கு இடம் கிடைக்கும். மின்சார அடுப்பு, சாண எரிவாயு, சிலிண்டர் மானியம், எது நம்ம ஊருக்கு ஒத்துவரும்னு அதுல சமைக்கப்போறவங்ககிட்ட கேக்கணும்ல?

19/ இந்த மாதிரி நிகழ்ச்சி உங்க ஊர்ல நடந்தா போங்க. கேள்வி நேரத்துல கை தூக்கி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "நீங்க ஆய்வு பண்ண ஊர்க்காரங்களுக்கு முடிவைச் சொன்னீங்களா?" தமிழ்லயே கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கீழ எழுதுங்க, படிக்கிறேன்.