மூன்றாவது நீல மீன்

என் மகள் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கேட்டது ஒரு மீன். நாய்க்குட்டி கேட்காமல் மீன் கேட்டாளே என்று எனக்கு நிம்மதி. தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனோம். வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைட்டர் மீன். நீலத்தில் ஒன்று, பட்டுச்சேலை முந்தானையை விரித்த மாதிரி வாலை விரித்து நின்றது. இவளும் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“தொட்டி, மோட்டார் எல்லாம் வேணுமா தம்பி?”

“ஃபைட்டருக்கு ஒண்ணும் வேணாம்க்கா. பாட்டில்லயே இருக்கும். தீனி மட்டும் போடுங்க, போதும்.”

மீனுக்கு நீலா என்று பெயர் வைத்தாள். அகலமான ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, டி.வி. பக்கத்தில் வைத்தோம். பதினோராம் நாள் நீலா ஜாடியின் அடியில் கிடந்தது. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதே கடைக்கு ஓடி, அதே நீலத்தில் இன்னொரு மீனை வாங்கி வந்து ஜாடியில் விட்டுவிட்டேன். மாலையில் வந்தவள், ஜாடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது மீனும் இரண்டு வாரம் தாண்டவில்லை. இந்த முறை அவள்தான் முதலில் பார்த்தாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டும்போது மெதுவாகச் சொன்னாள்: “இது நீலா இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நீலாவோட வால்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள்: “நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் ஏம்மா செத்துப்போகுது?”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மூன்றாவது மீன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

கொளத்தூரில் கேட்ட மூன்று கேள்விகள்

சென்னைக் கடைகளுக்கு வரும் வண்ண மீன்களில் நிறைய, கொளத்தூர் பக்கத்திலிருந்து வருபவை. அங்கே பல குடும்பங்களுக்கு மீன் வளர்ப்புதான் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார்.

“எத்தனை லிட்டர்ல இருந்துச்சு? என்ன தண்ணி? எப்படி மாத்தினீங்க?”

“லிட்டர் தெரியாது, ஒரு ஜாடி. போர் தண்ணி. கலங்கினதும் மொத்தத்தையும் கொட்டி, ஜாடியைக் கழுவி மாத்துவோம்.”

பெரியவர் என்னைத் திட்டவில்லை. “நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க. ஆனா எல்லாத்தையும் தப்பாப் பண்ணியிருக்கீங்கம்மா” என்றார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதையும் அந்த மூன்று கேள்விகளின் வரிசையிலேயே சொல்கிறேன்.

எத்தனை லிட்டர்?

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்து. அந்த நாடு 2019-ல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயலிலும் குட்டையிலும் தேங்கிய நீரில் வாழ்வதால், இதற்குச் செவுளோடு கூடுதலாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்து, அதிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம்மூர் பனையேறிக் கெண்டைக்கும் இதே வித்தை தெரியும். 1791-ல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஒரு கெண்டை ஏறியிருந்ததைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்.

காற்றைக் குடிப்பதால் ஃபைட்டர் பாட்டிலில் மூச்சு முட்டிச் சாகாது. மழைக்கால மின்வெட்டில் மோட்டார் நின்றாலும் சமாளிக்கும். இதை வைத்துத்தான் ‘ஒண்ணும் வேணாம்’ என்கிறார்கள். ஆனால், அதைக் கொல்வது காற்றுக் குறைவு அல்ல, அதன் கழிவு.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். கண்ணுக்குத் தெரியாது. ஜாடி பளிச்சென்று இருக்கும்போதே செவுளையும் தோலையும் அரிக்கும். வயல்வெளித் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனால், பரப்பு பெரிது, கழிவு கரைந்துவிடும். ஒரு லிட்டர் ஜாடியில் அது எங்கே போகும்?

வளர்ப்பவர்களும் பாட்டிலில்தானே வைக்கிறார்கள் என்று கேட்டேன். ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதால் பிரித்து வைக்கிறார்கள். தண்ணீர் மாற்றுவதே அங்கே அன்றாட வேலை. விற்கும்வரைதான் அந்த பாட்டில். நாம் அதையே வாழ்நாள் வீடாக்கிவிடுகிறோம்.

ஒரு மீனுக்குக் குறைந்தது 10 லிட்டர். 20 லிட்டர் என்றால் இன்னும் நல்லது, நமக்கும் வேலை குறையும். மேலே மூடி அவசியம், இது துள்ளிக் குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

என்ன தண்ணீர்?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்குப் போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டில் படியும் வெள்ளைப் பூச்சே சொல்லும். வீடுகளில் வளர்க்கும் ஃபைட்டர் ஓரளவு கடின நீரைத் தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய தண்ணீரின் பிஎச் பெரும்பாலும் 7-க்கு மேல் இருக்கும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. எனவே நம் பக்கத்தில் சின்ன ஜாடி இன்னும் ஆபத்து.

அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றலாமா? தனியாக வேண்டாம். தாது உப்புகள் நீங்கிய தண்ணீரில் பிஎச் திடீரென்று சரிந்துவிடும். போர் தண்ணீர் ரொம்பக் கடினம் என்றால், பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம். ஒரு விகிதத்தைப் பிடித்தால் அதையே தொடருங்கள்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ என்றால் குளோரின் இருக்கும். மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று சொட்டு மருந்து கிடைக்கும், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் விடுங்கள். அல்லது வாய் அகன்ற பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். பக்கெட் மேல் மெல்லிய துணியைக் கட்ட மறக்காதீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

எப்படி மாற்றுவது?

நான் செய்த பெரிய தவறு இதுதான். தொட்டியிலும் ஃபில்டர் பஞ்சிலும் நல்ல பாக்டீரியாக்கள் மெல்ல வளரும். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் படை முழுதாக உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நானோ வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, அதை விரட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மொத்தமாக மாறும் அதிர்ச்சி வேறு.

சரியான முறை: வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். தொட்டி புதிது என்றால் முதல் ஒன்றரை மாதம் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. ஃபில்டருக்குச் சாதாரண ஸ்பாஞ்ச் போதும், காற்றை மெதுவாக வையுங்கள். நீளமான வால் கொண்ட மீன், வேகமான நீரோட்டத்தில் களைத்துப்போகும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். பாக்டீரியா பிழைக்கும்.

ஏ.சி.யும் பொரியும்

ஃபைட்டருக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 28 டிகிரி. நம் ஊரில் வெயிலைவிட ஏ.சி. படுக்கையறை மோசம். பகலில் 32, இரவில் 23 என்று தினமும் ஏறி இறங்கினால் மீன் நோயில் விழும். தொட்டியை ஹாலில், ஜன்னல் வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். மார்கழி, தை இரவுகளுக்கு 20 லிட்டர் தொட்டி என்றால் 25 வாட் ஹீட்டர் போதும்.

தீனி விஷயத்தில் பாட்டி, தாத்தாக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோயில் குளத்தில் போடுகிற மாதிரி பொரி, சாதம் எல்லாம் கூடாது. இது பூச்சி, புழு தின்னும் மீன். அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான். மிதக்கும் ஃபைட்டர் தீனியில் காலை மூன்று, மாலை மூன்று உருண்டைகள் போதும். வாரத்தில் ஒருநாள் விரதம்.

ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மீன் மட்டும். கண்ணாடியைக் காட்டிச் சண்டைக்கு இழுப்பது குழந்தைகளுக்கு வேடிக்கை. அது எதிரி என்று நினைத்து ஓயாமல் சிலிர்த்துக் களைத்துப்போகும். இரண்டு மீன்களை மோதவிட்டுப் பார்ப்பதோ, 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தெருவோர நாட்டு வாதாம் மரத்தடியில் சிவந்து உதிரும் இலைகளை எடுத்து, கழுவிக் காயவைத்து, தொட்டியில் பாதி இலை போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், பயப்படாதீர்கள். மீன் வளர்ப்பவர்கள் வழிவழியாகச் செய்வது இது. பூச்சிமருந்து அடித்த மரமாக இருக்கக் கூடாது.

உடம்பு சரியில்லை என்றால்…

துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் கிடப்பது, வால் நுனி கிழிந்து அரிப்பது, உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், தீனியைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது... இவை அறிகுறிகள். மருந்து தேடும் முன், மூன்று, நான்கு நாட்கள் தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். வால் அரிப்பு ஆரம்ப நிலை என்றால் அதிலேயே தேறிவிடும். வெள்ளைப் புள்ளிகள் என்றால் அதற்கான மருந்து தேவைப்படும். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்ட வேண்டாம். அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

வளர்க்க முடியவில்லை என்றால், சேலையூர் ஏரியிலோ சிட்லபாக்கம் ஏரியிலோ ‘பிழைத்துப் போகட்டும்’ என்று விடாதீர்கள். இந்த ஊர் மீனில்லை அது. வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பிறகு ஏரியில் விட்ட சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி வலைக்காரர்களைப் படுத்தும் பாடு போதும். தெரிந்தவர்களிடம் கொடுங்கள், கடையில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கொளத்தூரிலிருந்து அன்று நாங்கள் மீன் வாங்காமல்தான் திரும்பினோம். முதலில் 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச், தண்ணீர். அது தயாராகும்வரை ஆறு வாரம் காத்திருந்தோம். வெறும் தொட்டியைப் பார்த்து வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு, மகளே தேர்ந்தெடுத்தாள். மறுபடியும் நீலம். ஆனால் நீலா என்று பெயர் வைக்கவில்லை. “அது நீலாவோட பேரும்மா” என்றுவிட்டாள். இவன் பெயர் முருகேசன்.

முருகேசன் வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றிவிட்டு, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அளவைக் குறித்து வைக்கிறாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஃபைட்டர் இரண்டு, மூன்று வருடம் இருக்கும். கடையிலிருந்து வரும்போதே அதற்குச் சில மாத வயது ஆகியிருக்கும். இதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“அப்போ இவனும் ஒருநாள் போயிடுவானா?”

“போயிடுவான்.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்போ வேற மீனை மாத்தி வைக்காதம்மா. என்கிட்ட சொல்லிடு.”

சொல்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.