மலையில் பருப்பு வேக ஏன் அடம்பிடிக்கிறது?

வடுகபட்டி சந்தைக்கு மலைப்பூண்டு இறங்கிவரும் கொடைக்கானலில், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை வேகவைப்பது பெரும்பாடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமல், சுமார் 93-லேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, கேஸ்தான் வீண். அடிவாரத்து வடுகபட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மலையில் குக்கர்தான் கதி. ஆவி உள்ளேயே அடைபட்டு அழுத்தம் கூடுவதால், கொதிநிலை 100 டிகிரியை நன்றாகவே தாண்டும். பருப்பும் குழையும். ஆனால், அவசரப்பட்டு மூடியைத் திறந்தால்தான் ஆபத்து. அழுத்தம் சட்டென விழ, அத்தனை சூட்டில் இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகச் சீறி, பருப்போடு முகத்தில் அடிக்கும். வெயிட்டை லேசாகத் தூக்கினால் 'உஸ்' என்கிறதா? மூடியில் கைவைக்க இன்னும் நேரமாகவில்லை!